சொருகினால் போதும் என்று சொன்ன மாமாவுக்கு

பெருமதிப்பும் பேரன்பும் கொஞ்சம் கோபமும் சம அளவில் கலந்து, மாமா அவர்களுக்கு, உங்கள் அக்காவின் இரண்டாவது மகள், வீட்டில் வாலு என்று அழைக்கப்படுபவள், எழுதிக்கொள்வது.

இங்கே அம்மா, அக்கா, நான், மாப்பிள்ளை நால்வரும் சௌக்கியம். அங்கே நீங்களும் உங்கள் லேப்டாப்பும் சூடு ஏறாமல் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். "மாப்பிள்ளையா? எந்த மாப்பிள்ளை? யாரைக் கேட்டு?" என்று நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூடும். உட்காருங்கள். அவரைப் பெட்டியில் வைத்துக் கட்டி அனுப்பியவரே நீங்கள்தான்.

பெட்டியை அனுப்பி மாதங்கள் கழித்து, போன வாரம் ஒரு செய்தி அனுப்பியிருந்தீர்கள். "சொருகியாச்சா? வேலை செய்யுதா? ஆமா இல்லைன்னு ஒரே வார்த்தையில சொல்லு, உன் கதையெல்லாம் வேண்டாம்." ஒரே வார்த்தையில் பதில்: ஆமாம். ஆனால் அந்த ஆமாம் வந்து சேர்வதற்குள் ஒரு பேருந்து நிலையமே ஸ்தம்பித்துப்போனது, ஒரு மேலாளர் மானம் ஒலிபெருக்கியில் ஏறியது, இல்லாத ஒரு குடைக்கு வரிசை நின்றது. எனவே கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. காபி போட்டுக்கொண்டு வந்து உட்காரவும்.

அக்காவுக்குப் பிறந்ததிலிருந்து கண் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்ததையே எழுதுவதுதானே கடிதத்துக்கு அழகு. நீங்கள் அனுப்பிய பிரெயில் டிஸ்ப்ளே, கீபோர்டுக்குத் தம்பி மாதிரி ஒரு கறுப்புப் பெட்டி. முன்னால் வரிசையாக நாற்பது குட்டிக் கட்டங்கள், கட்டத்துக்கு எட்டு ஊசிமுனை. திரையில் என்ன எழுத்து வருகிறதோ அதற்கேற்ப ஊசிகள் எழும், அமுங்கும்; அக்கா விரலால் தடவிப் படித்துவிடுவாள். வந்த அன்றைக்கே அவர் மேசைக்கு நட்டநடுவில் இடம் பிடித்துக்கொண்டார். வாயைத் திறக்க மாட்டார். தினம் துடைத்துவிட வேண்டும். பக்கத்தில் தண்ணீர் டம்ளர் வைத்தால் அம்மாவுக்கு நெஞ்சு படபடக்கும். அம்மா அவருக்கென்று பஞ்சு வைத்து உறை தைத்தாள். எனக்கு ஸ்கூல் பை கிழிந்து ஒரு வருஷமாகிறது, அதற்கு ஊசிநூல் கிடைக்கவில்லை. இத்தனை மரியாதையையும் வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பவரை மாப்பிள்ளை என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவது? (சொருகுவதற்கு முன்னால் அம்மா போனில் உங்களிடம் "மாப்பிள்ளை இன்னும் எழுந்திருக்கல, பொண்ணு தடவித் தடவிப் பாக்குறா" என்று சொன்னதைக் கேட்டுக் கீழ்வீட்டு அத்தை பதறி மேலே ஓடிவந்தது தனிக் கதை. அதைக் கேட்டால் காபி ஆறிவிடும்.)

நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் நீங்கள் சொன்னபடியேதான் நடந்தது. சொருகினோம், எழுந்தார், படித்தாள். அங்கேதான் நாங்கள் ஏமாந்தோம் மாமா. நம் வீட்டு இயங்குதளத்தில், திரையில் இருப்பதை எடுத்துக்கொண்டுபோய்ப் புள்ளியாக மாற்றி மாப்பிள்ளையிடம் கொடுக்க ஒரு மென்பொருள் இருக்கிறது. அவரைத் தரகர் என்று வையுங்கள். நம் வீட்டுத் தரகருக்கு இந்த மாப்பிள்ளையை ஏற்கெனவே தெரியும். ஆனால் உலகத்தில் எல்லாக் கம்ப்யூட்டரும் நம் வீட்டுக் கம்ப்யூட்டர் இல்லையே. வீட்டுக்கு வீடு இயங்குதளம் வேறு, தரகர் வேறு, சம்பிரதாயம் வேறு. தன் வீட்டில் தங்கமாக இருக்கிற மாப்பிள்ளை அடுத்த வீட்டு வாசல் ஏறினால் முறுக்கிக்கொள்வார் என்று நீங்கள் சொல்லவே இல்லை. "சொருகினாப் போதும்"னு மட்டும் சொன்னீங்க.

சரி, அடுத்த வீட்டுக்கு ஏன் போனோம் என்கிறீர்களா? வேலைக்கு. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்த வண்டி, எந்த நடைமேடை, எவ்வளவு தாமதம் என்று திரையில் நிமிஷத்துக்கு ஒன்று வரும். அதைப் பார்த்து மைக்கில் சொல்ல வேண்டும். அக்கா குரல் உங்களுக்குத் தெரியும், அவள் திட்டினால்கூட இன்னொரு தடவை திட்ட மாட்டாளா என்றிருக்கும். ஆனால் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற பேசும் மென்பொருள் இந்த வேலைக்கு உதவாது. வீட்டில் பழகிப் பார்த்தோம். காதில் இயர்போன், கையில் கரண்டி மைக், பயணிகளாக நானும் அம்மாவும். காதில் அது ஒன்று சொல்ல, வாயில் இவள் ஒன்று சொல்ல, "துறைமுகம் செல்லும், மெனு, பட்டன், ஓகே, பேருந்து, கேன்சல்" என்று வந்தது. அம்மா, "நான் நடந்தே போயிக்கிறேம்மா" என்று எழுந்து போய்விட்டாள். ஆக, வாய் பேசும்போது விரல் படிக்க வேண்டும். மாப்பிள்ளை வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். அக்கா படிப்பு முடித்ததிலிருந்து எத்தனையோ இடத்துக்கு விண்ணப்பம் போட்டாள். எல்லா இடத்திலிருந்தும் மின்னஞ்சலில் வந்த பதில் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றேதான். "தங்கள் விண்ணப்பத்தைக் கவனமாகப் பரிசீலித்தோம். வருந்துகிறோம். இப்படிக்கு, மனிதவள மேலாளர்." அக்கா விரல் அந்தக் கடைசிச் சொல்லுக்கு வந்ததும் நின்றுவிடும். எடுக்க மாட்டாள். அதன்மேலேயே கிடக்கும். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. இந்தத் தரகர்கள் கையில் ஓர் அட்டவணை உண்டு மாமா, எந்த எழுத்துக்கு எந்தப் புள்ளி என்று சொல்வது. திறந்தால் சாதாரண எழுத்துக் கோப்பு, பூட்டே கிடையாது. பூட்டில்லாத இடத்தில் என் கை என்ன செய்யும் என்பதை, நீங்கள் வரும்போதெல்லாம் வாரறுந்துபோகும் உங்கள் செருப்புகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும். "மேலாள" என்று வருகிற இடத்திலெல்லாம் விரலில் "மாமியா" என்று எழும்படி ஒரு வரி சேர்த்தேன். மிச்சம் இருக்கிற "ர்" தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். திரையில் எதுவும் மாறாது. புள்ளியில் மட்டும்தான் மாறும். அடுத்த கடிதம் வந்தது. "வருந்துகிறோம். இப்படிக்கு, மனிதவள மாமியார்." அக்கா விக்கல் வருகிற அளவுக்குச் சிரித்தாள். "அடியே வாலு, இந்த மாமியாரும் என்னை வேண்டாம்னுட்டாங்கடி!" அதற்கப்புறம் வந்த எந்த மறுப்புக்கும் அவள் விரல் நிற்கவில்லை.

இனி சோதனை நாள். பள்ளிக்கூடத்துக்கு வயிற்றுவலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு அக்காவோடு நானும் போனேன். அறிவிப்பு அறை கண்ணாடிக் கூண்டு மாதிரி இருக்கும். பக்கத்து அறையில் நிலைய மேலாளர் மேடம். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அவர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்கவில்லை. ஆனால் அவர் பேச ஆரம்பித்தால் மின்விசிறிகூட மெதுவாகச் சுற்றுவதுபோல் இருக்கும். கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ள ஓர் அண்ணன். எந்தக் கோளாறு என்றாலும் அவரிடம் ஒரே மாத்திரை, "ரீஸ்டார்ட் பண்ணிருவோம்." ஆகவே ரீஸ்டார்ட் அண்ணன். அங்கே ஓடுகிற இயங்குதளம் நம் வீட்டினது இல்லை. அதை முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கான தரகரையும் அண்ணனைக்கொண்டு ஏற்றிவைத்திருந்தோம். அக்கா உறையை அவிழ்த்தாள், மாப்பிள்ளையை மேசையில் வைத்தாள், நான் கடவுளைக் கும்பிட்டுச் சொருகினேன். மாப்பிள்ளை அசையவில்லை. வெளியே "ஏய்... ஏய்ய்..." என்று ஒரு பெரிய சத்தம். எட்டிப் பார்த்தால், நடைமேடைகளுக்கு மேலே வண்டி நேரம் காட்டுகிற பெரிய ஒளிப்பலகை இருக்கிறதே, அதில் வண்டி நேரமெல்லாம் போய் அம்மை போட்ட மாதிரி வெறும் புள்ளிபுள்ளியாக நிற்கிறது. ஆட்கள் பையைத் தூக்கிக்கொண்டு அங்கேயும் இங்கேயும் ஓடுகிறார்கள். நான் வயரைப் பிடுங்கினேன், அண்ணன் ரீஸ்டார்ட் பண்ணினார், பலகைக்கு உயிர் வந்தது. மறுபடி சொருகினேன். மறுபடி அம்மை. மேடம் வாசலில் வந்து நின்றார்.

"உங்க பெட்டி எங்க போர்டை என்ன பண்ணுது?"

"போர்டு எங்க பெட்டியை என்ன பண்ணுதுன்னுதான் பாத்துட்டிருக்கேன் மேடம்" என்றேன். அக்கா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். கண் தெரியாவிட்டாலும் என் கால் எங்கே இருக்கும் என்பது மட்டும் அவளுக்கு எப்போதும் துல்லியமாகத் தெரியும்.

மிதித்த கையோடு (அதாவது மிதித்த காலோடு) எழுந்து, வண்டி வந்துபோகிற நேரத்தைக் குறித்துக்கொள்கிற டைம் கீப்பரின் ஜன்னல் பக்கம் போனாள். "அண்ணே, இப்ப நிக்கிற வண்டி, வரப்போற வண்டி எல்லாத்தையும் ஒரு தடவை சத்தமா சொல்லுங்க." அவர் காகிதத்தைப் பார்த்துக் கடகடவென்று சொன்னார். இவள் திரும்பி வந்து மைக்கைப் பிடித்து, ஒன்று விடாமல், நடைமேடை மாறாமல், அந்தக் குரலில் சொன்னாள். வெளியே ஓடினவர்கள் நின்றார்கள். பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தலையைக் குனிந்து காதைக் கொடுத்தார்கள். இத்தோடு வேலை நமக்குத்தான் என்று நினைத்தேன். மேடம் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்: "மனப்பாடம் நல்லா வருது. ஆனா பஸ் மனப்பாடமா வராதும்மா."

அக்கா முகம் விழுந்துவிட்டது. மேடம் சொன்னதில் தப்பும் இல்லை மாமா, அதுதான் வலித்தது. போன நிமிஷம் சொன்னது அடுத்த நிமிஷம் மாறிவிடும்; மாறினதைப் படிக்க மாப்பிள்ளை வேண்டும்; மாப்பிள்ளையோ செத்த பாம்பு மாதிரி கிடக்கிறார். "மதியம் வரைக்கும் பாருங்க. அப்புறம் எனக்கு வேற ஆளைக் கூப்பிடணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம்தான் நான் ஒழுங்காக உட்கார்ந்து பார்த்தேன். கம்ப்யூட்டரிடம் "உன் வீட்டுக்கு யார் யார் வந்திருக்காங்க?" என்று கேட்டால் ஒரு பட்டியல் கொடுக்கும். கேட்டேன். ஒரே பெயர் இரண்டு தடவை வந்தது. மாப்பிள்ளை வயிற்றுக்குள் வயரை இணைக்கிற ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. ஒளிப்பலகையின் வயரிலும் அதே கம்பெனி, அதே சில்லு. கம்ப்யூட்டரிடம் போய் நிற்கும்போது இரண்டு பேருமே தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லவில்லை, சில்லின் பெயரைத்தான் சொல்கிறார்கள், ஒரே சட்டை போட்டுக்கொண்டு வந்த இரண்டு பேர் மாதிரி. தரகர் என்ன செய்வார், பாவம்? இந்தச் சட்டை போட்டவர்தான் மாப்பிள்ளை என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் சொருகியதும் தேட ஆரம்பித்து, முதலில் கண்ணில் பட்டவரின் கையைப் பிடித்து மணையில் உட்கார வைத்துவிட்டார். அவர் ஒளிப்பலகை! அக்காவுக்குப் போக வேண்டிய புள்ளியெல்லாம் அங்கே போய்க்கொண்டிருக்கிறது. நம் வீட்டில் அந்தச் சட்டை போட்ட ஆள் ஒருத்தர்தான், அதனால் குழப்பமே வரவில்லை. இதை அக்காவிடம் சொல்லிவிட்டு, "ரெண்டும் ஒரே யூனிஃபார்ம்ல நின்னா எப்படிக்கா பிரிக்கிறது?" என்று தலையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் எப்படிடி பிரிக்கிறேன்?" என்றாள் அக்கா. "நான் என்ன சட்டையைப் பாத்தா ஆளைக் கண்டுபிடிக்கிறேன்? எந்தக் கதவு வழியா வராங்க, அதை வச்சுத்தானே. அம்மான்னா பின்கதவு. நீன்னா சுவரேறி. உன் தரகர்கிட்ட சட்டையைப் பாக்காத, கதவைப் பாருன்னு சொல்ல முடியுமா?"

முடியும் மாமா! ஒரே ஒரு வரி. வயர் சொருகுகிற இந்தத் துளை வழியாக யார் வந்தாலும் அவர்தான் மாப்பிள்ளை, மற்ற துளைகள் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்காதே என்று எழுதிவைத்தேன். நாளைக்கு அக்கா தனியாக வந்தாலும் துளை தெரிய வேண்டுமே என்று, பையிலிருந்து நகப்பூச்சை எடுத்து அதன் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தேன். காய்ந்ததும் மேடாக நின்றது. அக்கா தடவிப் பார்த்துவிட்டு, "ஒத்தைப் புள்ளி. பிரெயில்ல இது அ" என்றாள். சொருகினோம். பலகை அதன் பாட்டுக்கு வண்டி நேரம் காட்டியது. மாப்பிள்ளை கடகடவென்று முதுகைச் சொறிகிற மாதிரி ஒரு சத்தத்தோடு எழுந்தார். நான் ரீஸ்டார்ட் அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். அக்கா விரலை வைத்தாள். முகம் சுருங்கியது.

"என்னடி இது? சாய்ஞ்ச கோடு, எக்ஸ், சைபர், பி, எட்டு... மறுபடி சாய்ஞ்ச கோடு..."

இங்கே இருக்கிற தரகருக்கு ஆள் அடையாளம் தெரிந்துவிட்டது, தமிழ் தெரியவில்லை. அவர் கையில் இருந்த அட்டவணையில் தமிழே இல்லை. தெரியாத எழுத்து வந்தால் அதன் கம்ப்யூட்டர் எண்ணை அப்படியே எழுதி நீட்டுகிறார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு முழ நீளம். "துறைமுகம்" என்கிற ஒரு சொல்லுக்கு நாற்பது கட்டமும் பற்றவில்லை. "கடலைக் கொண்டாந்து சொம்புல ஊத்துறியேடி" என்றாள் அக்கா. நல்ல காலம், நம் வீட்டு அட்டவணையைப் பென் டிரைவில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். இயங்குதளம் ஆயிரம் சண்டை போட்டாலும் இந்த அட்டவணையை மட்டும் எல்லா வீட்டுத் தரகரும் படிப்பார்கள். போட்டேன். "அப்படி ஒரு கோப்பே இல்லை" என்றது. கண்ணுக்கு எதிரில் இருக்கிறது, இல்லை என்கிறது! பார்த்தால், கோப்பின் பெயரில் முதல் எழுத்தை நான் பெரிய எழுத்தாகப் போட்டிருக்கிறேன், உள்ளே சின்ன எழுத்தாகக் கூப்பிட்டிருக்கிறேன். நம் வீட்டில் பெரியவர் சின்னவர் பாகுபாடு கிடையாது. அந்த வீட்டில் உண்டு. பெயரைத் திருத்தினேன். அக்கா விரல் ஓடியது. கட்டத்துக்குக் கட்டம் நிற்காமல், தடுக்காமல் ஓடியது. "துறைமுகம் செல்லும் பேருந்து இரண்டாம் நடைமேடையில் புறப்படத் தயாராக உள்ளது." திரையைப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து அதேதான்.

மேடம் வந்து நின்று கொஞ்ச நேரம் கவனித்தார். அக்கா ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மேடம் அக்காவின் விரலைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரீஸ்டார்ட் அண்ணனைக் கூட்டிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். எனக்கு அந்த "ம்" புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் திரையில், வண்டிகளுக்கு நடுவே, அட்டவணையில் இல்லாத புது வரி ஒன்று வந்தது. மேடமே அடித்தது. நான் அதைக் கண்ணால் படித்து முடிப்பதற்குள் அக்கா வாயால் படித்து முடித்துவிட்டாள். முழு நிலையத்துக்கும், எட்டுத் திசை ஒலிபெருக்கியிலும், அந்தத் தேன் குரலில்:

"பயணிகளின் கவனத்துக்கு. கண்டெடுக்கப்பட்ட நீல நிறக் குடை ஒன்று நிலைய மாமியாரிடம் உள்ளது. உரியவர் அடையாளம் கூறி, மாமியாரிடம் பெற்றுக்கொள்ளலாம்."

மாமா, நான் அட்டவணையிலிருந்து அந்த வரியை எடுக்க மறந்திருந்தேன். மூன்று மணி நேரமாக எதுவுமே ஒழுங்காக வேலை செய்யாத அந்த இடத்தில், எந்தச் சண்டையும் போடாமல், ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு வந்து, சொன்னதைச் சொன்னபடி செய்த ஒரே பொருள் என் குறும்புதான்.

எங்கேயோ ஒரு டிரைவர் நீளமாக ஹாரன் அடித்தார். அவ்வளவுதான், எல்லா நடைமேடையிலிருந்தும் சிரிப்பு கிளம்பி வந்து கண்ணாடியில் மோதியது. பக்கத்து அறையில் நாற்காலி நகரும் சத்தம். நான் மேசைக்கு அடியில் போகலாமா என்று பார்த்தேன், அங்கே வயர் அதிகம்.

"என்ன சொன்னீங்க?" மேடம்.

அக்கா விரலைத் திரும்ப முதல் கட்டத்துக்குக் கொண்டுபோய், ஒரு சொல்லும் மாற்றாமல் மறுபடி படித்தாள். மாமியாரிடம் உட்பட.

"நான் அப்படி அடிக்கலையே."

"விரல்ல அப்படித்தான் வருது மேடம்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். "மேடம், அது நான். அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. வேலை இல்லைன்னு வர்ற கடிதமெல்லாம் மேலாளர் மேலாளர்னே முடியும். அக்கா கை அங்கேயே நின்னுடும். அதான் மாமியார்னு மாத்திவச்சேன். சிரிக்கிறதுக்காக. இங்க வரும்போது எடுக்க மறந்துட்டேன். என்னைத் திட்டுங்க. அவளை ஒண்ணும் சொல்லாதீங்க." கடைசியில் என் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது, அதை இங்கே எழுத மாட்டேன்.

மேடம் கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். அப்புறம் குனிந்து, அன்றைக்கு முதல் தடவையாக, அக்காவின் விரலுக்குக் கீழே எழுந்து நிற்கிற புள்ளிகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"உண்மையைச் சொல்றேன்" என்றார். "நீ ஸ்க்ரீனைப் பாத்து ஓதுற, அவ ஒப்பிக்கிறான்னு நினைச்சேன். அதான் திடீர்னு ஒண்ணு அடிச்சுப் பாத்தேன். ஸ்க்ரீன்ல மேலாளர்னுதான் இருக்கு. நீ ஓதியிருந்தா மேலாளர்னுதான் வந்திருக்கும்." கண்ணாடியைக் கழற்றினார். "என்னை மாமியார்னு சொல்றதுக்கு, அதை நிஜமாவே படிச்சிருந்தாதான் முடியும்."

அப்போது கதவைத் தட்டினார்கள். ரீஸ்டார்ட் அண்ணன் தலையை நீட்டி, "மேடம், குடைக்கு மூணு பேர் வந்திருக்காங்க. மூணு பேரும் அடையாளம் சரியா சொல்றாங்க" என்றார். குடையே கிடையாது மாமா. மேடம் சோதனைக்காகக் கற்பனையில் விரித்த குடை. அவர் சிரித்ததை நான் பார்த்தது அப்போதுதான். "மாமியார் தரமாட்டாங்களாம்னு சொல்லி அனுப்பு" என்றார்.

வேலை கிடைத்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து. கிளம்பும்போது மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த வார்த்தையை எடுத்துட்டுப் போ" என்றார். அங்கேயே எடுத்துவிட்டேன். வீட்டிலும் எடுத்துவிட்டேன். மறுநாள் வந்த நியமனக் கடிதத்தை அக்கா தடவிப் படித்தாள். "இப்படிக்கு, நிலைய மேலாளர்" என்று ஒழுங்காக வந்தது. "உப்பு போட மறந்த மாதிரி இருக்குடி" என்றாள்.

ஆனால் நான் யோசித்துப் பார்த்தேன் மாமா. நானும் யோசிப்பேன், நம்புங்கள். நமக்குத் திரை ஒன்று சொன்னால், சந்தேகம் வந்தால் இன்னொருத்தரைக் கூப்பிட்டுக் காட்டலாம். அவளுக்கு இருப்பது அந்த ஒற்றை வரிசைதான். அது பொய் சொன்னால் அவள் யாரிடம் போய்ச் சரிபார்ப்பாள்? அந்த வரிசை வாயைத் திறப்பதற்கு முன்னால் எத்தனை பேர் கையைத் தாண்டி வருகிறது பாருங்கள். வயர், சில்லு, தரகர், அட்டவணை, இயங்குதளம். ஒவ்வொருவரும் தன் வீட்டில் சரியாகத்தான் இருக்கிறார்கள். வீடு மாறினால்தான் முறைப்பு. நடுவில் நானும் ஒரு கை வைத்தேன். ஆசையோடு வைத்த கைதான், இருந்தாலும் மேடம் வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தால்? அன்றைக்கு அவள் சொன்னது வாய் தவறி வந்தது; விரலுக்கும் வாய்க்கும் நடுவில் யோசிக்க இடமே இருந்திருக்காது. ஆகவே, இனிமேல் அட்டவணைப் பக்கம் குறும்போடு போவதில்லை என்று மாப்பிள்ளை தலையில் அடித்து (மெதுவாக) சத்தியம் செய்திருக்கிறேன்.

உங்கள் அலுவலக வாசலில் போன் எடுக்கிற தம்பிக்கும் இதே மாதிரிப் பெட்டி வந்திருக்கிறது, உங்கள் லேப்டாப் மாதிரி ஒன்றில் அது தமிழ் பேசவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அவருக்காகத் துடைத்துச் சுத்தம் செய்த அட்டவணையை இத்தோடு இணைக்கிறேன். உங்கள் வீட்டு இயங்குதளம் மூன்றாவது சம்பந்தி. அங்கே என்ன சம்பிரதாயமோ எனக்குத் தெரியாது. சட்டையைப் பார்க்காமல் கதவைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய எழுத்து சின்ன எழுத்துக்கு மரியாதை கொடுங்கள். தயவுசெய்து அவரிடம் "சொருகினாப் போதும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்களுக்கு மாசத்துக்கு ஒரு தடவையாவது நல்ல தூக்கமும், உங்கள் செருப்புகளுக்கு என்னிடமிருந்து நீண்ட ஆயுளும் கிடைக்கட்டும் என்று வேண்டி, அம்மாவின் அன்பையும் மாப்பிள்ளையின் மௌனத்தையும் சேர்த்து அனுப்புகிறேன்.

திருந்திவிட்ட,
வாலு

பி.கு.: மாமா, நான் அக்கா. கோப்பை இணைத்து அனுப்பும் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டு இவள் கடைக்குப் போயிருக்கிறாள். கடிதம் முழுவதையும் விரலால் படித்துவிட்டேன். எல்லாம் உண்மை, ஓரிடம் தவிர. அன்றைக்கு அது வாய் தவறி வரவில்லை. மாதக்கணக்கில் மாமியார் என்று படித்துப் பழகிய விரலுக்கு, அது மேலாளர் என்று தெரியாதா? வண்டி நேரத்துக்கு நடுவில் குடை வந்ததுமே இது சோதனை என்று புரிந்துவிட்டது. அதற்கு முன்பே கண்ணாடிக்கு அந்தப் பக்கம், "சின்னவ ஓதுறா, பெரியவ ஒப்பிக்கிறா" என்று மேடம் அண்ணனிடம் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. சரியான சொல்லைச் சொல்லியிருந்தால் அதையும் இவள் ஓதினதாகத்தான் நினைத்திருப்பார்கள். கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஆனால் என் விரலில் மட்டும் இருந்தது அந்த ஒரு சொல்தான், மாமா. எடுத்துச் சொன்னேன்.

இதை வாலுவிடம் சொல்ல வேண்டாம். கொஞ்ச நாளாவது நல்ல பிள்ளையாக இருக்கட்டும். வீடு அமைதியாக இருக்கிறது.

இன்னொன்று. அவள் துடைத்து வைத்த அட்டவணை சுத்தமாகத்தான் இருந்தது, அனுப்புவதற்கு முன்னால் நான் ஒரு வரி சேர்க்கும் வரைக்கும். அந்தத் தம்பிக்கு அதை ஏற்றிக் கொடுத்ததும், "மாமா" என்று ஒரே ஒரு சொல் அடித்துக் காட்டி, விரலில் என்ன வருகிறது என்று சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து.